சேர்ந்தே இருக்கட்டும்: ஆம்

ஒரு தாளில் பெயர்கள், அடுத்த தாளில் வெள்ளை.
மறுபடி பெயர்கள், மறுபடி வெள்ளை.
நூற்றாறு பக்கப் பட்டியல்
இருநூற்றுப் பன்னிரண்டாக வந்து விழுந்துகொண்டிருந்தது
சேப்பாக்கத்தில் ஒரு மூன்றாவது மாடியில், மாலை ஆறே முக்காலுக்கு.
"மிஷினுக்குப் பேய் புடிச்சிருக்கு சார்" என்றார் ஜக்கரியா,
வெள்ளைத் தாள்களை மட்டும் பொறுக்கித்
திரும்பத் தட்டில் அடுக்கியபடி.

பேய் இல்லை. மூன்று மில்லிமீட்டர்.
தாளின் அகலம் இருபத்தொன்று;
இருபுற ஓரமும் போக மிச்சம் பதினாறு.
நான் வரைந்த அறிக்கையோ பதினாறு புள்ளி மூன்று.
என்றோ ஒரு கோட்டை இழுக்கப்போய்
கூடவே நீண்டுவிட்ட ஒன்றுமில்லாத பரப்பு.
அந்த ஒன்றுமில்லாததை அச்சிடத்தான்
ஒவ்வொரு முறையும் ஒரு முழுத் தாள்.

ஓரத்தைக் குறைத்தேன். சுலபம்.
வெள்ளை நின்றது. டீ வந்தது.
துளை போட்டு நாடா கோக்கப்போன ஜக்கரியா
"நம்பர் எங்க சார்? ஓட்டைல பூடுச்சே" என்றார்.
கருவியின் வயிற்றைத் திறந்து மேசையில் கொட்டினார்:
வட்ட வட்டமாக 17, 31, 48,
பாதி 52.
அந்த ஓரம் யாருக்கும் வேண்டாத இடம் என்று நினைத்திருந்தேன்.

ஓரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
யாரும் எதுவும் எழுதாத 'குறிப்பு' பத்தியில் கைவைத்தேன்.
அது சுருங்கியது, முணுமுணுக்காமல்.

பிறகு பெயர்கள்.
ஏகவள்ளி க/பெ தாமோத
என்று நின்றிருந்தார் ஒருவர்.
கட்டத்துக்கு ஒரு குணம் உண்டு, 'வளரலாம்' என்று.
இல்லை என்றிருந்ததை ஆம் என்றேன்.
தாமோதரன் முழுசாக வந்தார்,
இரண்டாம் வரிக்குக் காலை நீட்டிக்கொண்டு.

எட்டரை. கடற்காற்றில் தாள்கள் நமுத்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போயின.
கண்காணிப்பாளர் தேவகிருபை
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.
கடைசி வரியில் கஜபதி, குடும்பத் தலைவர்.
மனைவி, மூன்று பிள்ளைகள், தலைவரின் தங்கை
நாற்பத்திரண்டில்.
"தனியாளுக்கு எப்படி வீடு குடுத்தேன்னு கேப்பாங்க தம்பி.
அந்தப் பக்கத்துல பாத்தா அஞ்சு பேரு யாருமில்லாம நிக்கிறாங்க."

அதற்கும் ஒரு குணம் உண்டு. 'சேர்ந்தே இருக்கட்டும்.'
ஆம் என்றேன்.
கஜபதி அடுத்த பக்கத்துக்குத் தாவிப்போய்
அவர்களுக்கு மேலே நின்றுகொண்டார்.
கூவக்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி
நான்காவது மாடியில் ஒரு கதவு எண்,
ஆறு பேருக்கும் ஒரே தாளில்.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாற்பத்தொன்றின் அடியில் இப்போது ஒரு வெற்றிடம்.
"இப்படி விட்டா எவனாவது எழுதிச் சேத்துடுவான்."
தேவகிருபை சிவப்புப் பேனாவால்
மேலிருந்து கீழாக ஒரு கோணல்கோடு போட்டு
இருமுனையிலும் சுருக்கொப்பம் வைத்தார்.
அப்படியே எழுபது பக்கங்களுக்கு.
அதை மட்டும் கணினியில் செய்ய
அவர் என்னை விடவில்லை.

மறுநாள் காலை
மாநகராட்சிப் பள்ளிச் சுவரில் பசை காயாத பட்டியல்.
தாமோதரன் சுவரில் முழுசாக இருக்கிறாரா என்று பார்க்கத்தான் போனேன்.
ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒருவர்
முதல் பக்கத்திலிருந்து நூற்றிருபது வரை நடந்துவிட்டு
(சேர்ந்தே இருந்ததில் பதினான்கு பக்கம் கூடியிருந்தது)
நாற்பத்தொன்றுக்குத் திரும்பி வந்து நின்றார்.

"இங்க யார் பேரை அடிச்சீங்க?"

"யார் பேரும் இல்லண்ணே. வெறும் இடம்தான்."

சிவப்புக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து
வரி வரியாகக் கீழே இறக்கினார், எண்ணினார்.
"எங்க ஊட்ல மொத்தமே நாலு பேரு" என்றார்.
"இதுல தாராளமாப் பூந்துடும்."

கையை எடுத்தபோது
பசையும் கொஞ்சம் சிவப்பும் அதில் இருந்தன.